குசும்பு இல்லாத ‘ங்க’

கிருபாசங்கர் தன் புருஷன் இல்லை என்று புவனா முடிவுகட்டி எழுபது நாட்களுக்கு மேல் ஆன பிறகுதான் அவனுக்கு அது தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவள் ஊற்றிய தோசையைத் தின்றுகொண்டு, இதைக் கவனிக்காமல் இருக்க முடியுமா என்று பின்னால் கேட்டவர்கள் உண்டு. வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் யாரும் கேட்கவில்லை.

அவனுக்கு நாற்பத்துநான்கு வயது. பெருந்துறைத் தொழிற்பேட்டையில், ஜப்பான்காரர்கள் கூட்டு வைத்திருக்கும் பிரேக் கம்பெனி ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் வேலை. பீளமேட்டிலிருந்து கம்பெனி வேனில் போய்வருவான். நாகோயாவிலிருந்து வரும் அதிகாரி கால் மணி நேரம் பேசி, முடியாது என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்காமல், முடியாது என்று சொல்வார். அதைக் கேட்பவர் மனம் நோகாமல் தமிழில் இறக்குவதுதான் அவன் தொழில். புவனா அவனைவிட ஐந்து வயது இளையவள். வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பாள். குழந்தை இல்லை. ஆனால் வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. புவனாவின் வாய் அப்படி. மற்றவர்கள் மரியாதைக்குப் போடும் ‘ங்க’வை அவள் ஊசி குத்துவதற்குப் பயன்படுத்துவாள்.

“ஏனுங்க, சப்பான்காரரு பேசறதெல்லாம் உங்களுக்குப் புரியுது. நாலு விசில் வந்தா அடுப்ப அமத்தோணும்ங்கறது மட்டும் ஏனுங்க புரியமாட்டேங்குது?”

வம்சி என்ற நண்பன், பூட்டிக்கிடக்கும் குடும்ப மில்லின் கிடங்கில் காமிக்ஸ் பதிப்பகம் நடத்திவந்தான். ஜப்பானியத் திகில் காமிக்ஸ் ஒன்றின் தமிழ் உரிமையை அவன் வாங்கியிருந்தான். ஐந்து பாகங்கள். தமிழில் ‘வந்தவர்’ என்று பெயர் வைத்தார்கள். கிருபாசங்கர் மொழிபெயர்க்க வேண்டும். புவனா படங்களிலிருந்து ஜப்பானிய எழுத்துகளை அழித்துவிட்டு வசன பலூன்களுக்குள் தமிழைப் பொருத்த வேண்டும். மூலத்தில் இருப்பதுபோல வலமிருந்து இடமாகவே படிக்கட்டும் என்று மூவரும் பேசி முடிவெடுத்தார்கள். தமிழுக்காகப் படங்களை இடவலமாகத் திருப்பிப் போட்டால் கதையில் வருபவர்கள் எல்லோரும் இடதுகைக்காரர்கள் ஆகிவிடுவார்கள். கிமோனோவின் வலப்பக்கம் மேலே வந்துவிடும். அங்கே பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவார்கள் என்று கிருபாசங்கர் சொன்னான்.

கதை ஒரு மீன்பிடிச் சிற்றூரில் நடக்கிறது. கடலுக்குப் போன கணவன் திரும்பி வருகிறான். முகம் அவன் முகம்தான், குரலும் அவன் குரல்தான். ஆனால் உடம்பில் ஏதோ ஒன்று முடிக்கப்படாமல் இருக்கிறது. ஒரு நாள் காது மடல்களில் மடிப்பு இல்லை. பிசைந்த மாவை ஒட்டியதுபோல வழுவழுவென்று இருக்கின்றன. இன்னொரு நாள் பற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை, வாய் முழுக்க ஒரே எலும்பு. பிறகு ஒரு நாள் நகங்கள் உள்ளங்கைப் பக்கம் முளைத்திருக்கின்றன. மனைவி இதையெல்லாம் பார்க்கிறாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. காட்டிக்கொண்டால், எந்த உறுப்பு குறையோ அதை வந்தவர் அவளிடமிருந்து எடுத்துக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வாய்விட்டு அலறியதற்கு அடுத்த பக்கம் முழுவதும் அவள் முகம்தான். அதில் வாய் இருந்த இடம் முழங்கையின் உள்பக்கம்போல வெறும் தோலாக இருக்கும். ஆகவே மனைவி மரியாதையாகப் பேசிக்கொண்டே இருக்கிறாள். பயம் கூடக்கூட மரியாதையும் கூடுகிறது.

அந்த மரியாதைதான் தமிழில் வரவில்லை. “தாங்கள் அமருங்கள், உணவு தயாராக உள்ளது” என்று எழுதினால் ராஜா ராணி கதையாகிவிட்டது. பொதுவான பேச்சுத்தமிழில் போட்டால் பயம் கரைந்துபோனது. முதல் இரண்டு பாகங்களையும் ஒருவழியாக ஒப்பேற்றி அனுப்பினான். மனைவி பேசுவது கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று வம்சி சொன்னான்.

ஆடி மாதக் கடைசியில் புவனா ஸ்கூட்டரோடு வேகத்தடையில் விழுந்தாள். ஹெல்மெட் போட்டிருந்தாள், பட்டியை மாட்டவில்லை. வலது நெற்றிக்குள் சிறிய ரத்தக்கசிவு. அறுவை தேவையில்லை, தானே வற்றிவிடும் என்றார்கள். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினாள். நடை சரியாக இருந்தது. கணக்கு, தேதி, நாட்டின் ஜனாதிபதி பெயர் எல்லாம் சரியாகச் சொன்னாள்.

மாறியது ஒன்றுதான். கிருபாசங்கர் வேலை முடிந்து வந்தால், “வாங்க. உக்காருங்க. டீ வேணுங்களா?” என்பாள். டீயை மேஜையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவன் குக்கரைக் கருகவிட்டபோதுகூட, “பரவால்லீங்க, நான் பாத்துக்கறேனுங்க” என்றாள். ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அமைதியாக இருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அவளைப் பார்த்துக்கொள்ளக் கொடுமுடியிலிருந்து வந்து தங்கியிருந்த அவள் அம்மா தெய்வாத்தாளுக்கு இதில் சந்தோஷம். “அடிபட்டதுலயும் ஒரு நல்லதுங்க மாப்பிள்ளை. இப்பத்தான் கட்டுனவருகிட்டப் பேசற மாதிரி பேசறா,” என்றார். மூன்று பேருமே சிரித்தார்கள். புவனா அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

இன்னொரு நல்லதும் நடந்தது. மூன்றாம் பாகத்தை எடுத்து உட்கார்ந்த கிருபாசங்கருக்கு அந்த மனைவியின் குரல் கிடைத்துவிட்டது. வந்தவரின் விரல்கள் வாத்துக்கால்போல ஒட்டிக்கிடக்கும் கட்டம். அவற்றைப் பார்க்காமல் மனைவி பேச வேண்டும். அவன் யோசிக்காமல் எழுதினான்: “குளிக்கறீங்களா? தண்ணி காஞ்சிருச்சுங்க. துண்டு அங்கயே வெச்சிருக்கறேனுங்க.” அன்று சாயங்காலம் அவனிடம் புவனா சொன்ன வார்த்தைகள் அவை. கை தானாக ஓடியது. அறுபது பக்கம் ஒரே வாரத்தில் முடிந்தது.

வம்சி போன் செய்தான். “படிச்சுப்போட்டு எந்திரிச்சுப் போயிக் கதவப் பூட்டிட்டு வந்தேனுங்ணா. எங்கீங்ணா புடிச்சீங்க இந்தப் பேச்ச?”

புவனாவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கணினி முன் உட்கார ஆரம்பித்திருந்தாள். வழக்கமாக அவன் மொழிபெயர்ப்பில் பக்கத்துக்குப் பத்து இடத்தில் கை வைப்பவள், இந்த முறை ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் பலூன்களில் பொருத்தினாள். அதை அவன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

மதிய இடைவேளையில் கம்பெனியிலிருந்து தினமும் போன் செய்வான். போனில் அவள் பழைய புவனாதான். அவன் மதியச் சாப்பாட்டைக் கிண்டலடிப்பாள், அவன் மேலதிகாரி அப்புசாமி பேசுவதுபோலப் பேசிக்காட்டுவாள். மத்தியானம் தெம்பாக இருக்கிறாள், சாயங்காலம் களைத்துவிடுகிறாள் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான்.

ஐப்பசியில் ஒரு மதியம் அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஏனுங்க, நீங்க எப்பத்தான் வருவீங்க? இங்க உங்களாட்டவே ஒருத்தரு ஊட்ல இருக்கறாருங்க. உங்க சட்டையத்தான் எடுத்துப் போட்டுக்கறாரு.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சோறு போடறயா அவருக்கு?”

“போடாம இருக்க முடியுங்களா? பாவம், உங்களவிடக் கம்மியாத்தான் திங்கறாரு.”

சாயங்காலம் தோசைக்கு உட்கார்ந்தபோது அவன் அந்தக் கிண்டலைத் தொடர்ந்தான். நான் கம்மியாகத் தின்கிறேனாமே, அப்படியானால் இன்னொன்று போடு என்றான். புவனா தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். விபத்துக்குப் பிறகு அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான்.

“அவருகிட்டப் பேசுனீங்களா?” என்றாள்.

உடனே, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது அவளுக்கே தெரிந்தது. இரண்டு கைகளையும் தூக்கிக் காதுகளைப் பொத்திக்கொண்டாள். ஒன்றையும் கேட்கக்கூடாது என்று பொத்துவது வேறு. அவள் விரல்கள் மடலின் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவி, இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தன.

நரம்பியல் மருத்துவர் பூஜிதாவுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அபூர்வம், ஆனால் புத்தகத்தில் உள்ளதுதான் என்றார். முகத்தைப் பார்த்ததும் இது இன்னார் என்று அறிவது ஓர் இடம்; நம்மவர் என்று மனம் இளகுவது இன்னொரு இடம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பில் அடிபட்டிருக்கலாம். முகம் சரியாக இருக்கிறது, மனம் அசையவில்லை; அப்படியானால் இது வேஷம் என்று மூளை தானாக ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறது. ரொம்ப நெருங்கியவர்களிடம்தான் இப்படி ஆகும், எதிர்பார்ப்பு அங்கேதான் அதிகம். குரல் வேறு பாதையில் போவதால் போனில் பிரச்சினை இல்லை. ஆகவே அவள் மனதில் கணவன் இன்னும் ஜப்பானில் இருக்கிறான். போன சித்திரையில் அவன் பத்து நாள் பயிற்சிக்காக நாகோயா போனது நிஜம். அதிலிருந்து திரும்பி வந்தவன்தான் இப்போது வேறு ஆள் ஆகிவிட்டான்.

கிருபாசங்கர் தான் கொண்டுபோயிருந்த நாலாம் பாகத்தின் அச்சுப்பக்கங்களை மேஜைமீது வைத்தான். இந்தக் கதையால் வந்ததா என்றுதான் அவன் கேட்க வந்திருந்தான். பூஜிதா இடமிருந்து படிக்க ஆரம்பித்தார். அவன் திருத்தியதும் வலமிருந்து படித்தார். பற்கள் ஒரே எலும்பாக இருக்கும் கட்டத்தில் சற்று நின்றார்.

“இது இல்லீன்னா பேய்னு சொல்லியிருப்பாங்க, இல்ல பங்காளி செஞ்ச வெனைனு சொல்லியிருப்பாங்க. நோய் இதனால வரலீங்க,” என்றார்.

“கதை?”

“நோய்க்கு ஒரு கதை வேணுமுங்க, கைக்கு எட்டுனது இது.”

மாத்திரை எழுதிக்கொடுத்தார். சிலருக்குச் சில மாதங்களில் சரியாகும் என்றார். மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்று அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவன் முயன்றதெல்லாம் ஒரே காரியத்துக்காகத்தான். தான் தான்தான் என்று அவள் ஒருமுறை நம்ப வேண்டும். கல்யாணத்தில் மழை பெய்து பந்தல் சரிந்ததைச் சொன்னான். முதல் வருஷம் சண்டை போட்டுக்கொண்டு அவள் ஈரோடு ஜங்ஷன் வரை போய், பசிக்கிறது என்று திரும்பி வந்ததைச் சொன்னான். எல்லாவற்றையும் அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். “ஆமாங்க, சரிதானுங்க,” என்றாள். மதியம் போனில் புருஷனிடம் சொன்னாள்: “எல்லாத்தையும் தெரிஞ்சுதானுங்க வந்திருக்கறாரு. நாலாவது பாகத்துலயே அப்படித்தான வருது.”

வந்தது உண்மைதான். நாலாம் பாகத்தில் மனைவி இப்படித்தான் சோதித்துப் பார்க்கிறாள். வந்தவர் ஒரு கேள்விக்கும் தவறாகப் பதில் சொல்வதில்லை. ஐந்தாம் பாகத்தைப் புவனா இன்னும் பார்க்கவில்லை. கிருபாசங்கர் அதை மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தான். அதில் தெரியவருவது ஒன்றுதான்: தான் கணவன் இல்லை என்பது வந்தவருக்கே தெரியாது. தன் மனைவி ஏன் தன்னைக் கண்டு நடுங்குகிறாள் என்று புரியாமல் அவர் அழும் ஒரு முழுப்பக்கம் உண்டு. கண்ணீர் வர வேண்டிய துளைகள் இல்லாததால் முகம் வீங்கிக்கொண்டே போகும். அதற்கு வசனம் இல்லை, மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. அவன் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தான். ஒருநாள் முகம் மழிக்கும்போது கத்தியை வைத்துவிட்டுத் தன் காதை மடக்கிப் பார்த்தான்.

ஒருமுறை குளியலறையிலிருந்து, சோப்பு எங்கே என்று கத்தினான். “உங்க தலைமேல வெச்சிருக்கறேன், எடுத்துக்கங்க,” என்று வெளியிலிருந்து பதில் வந்தது. பழைய பதில். பழைய ‘ங்க’. அவன் ஈரத்தோடு கதவைத் திறந்தான். அவள் சுவரோடு ஒதுங்கி நின்று, “சோப்பு வேணுங்களா?” என்றாள்.

தெய்வாத்தாள் கொடுமுடிக்குப் போய்ப் பரிகாரம் செய்துவிட்டு வந்தார். மருமகனுக்கு விபூதி பூசிவிட்டார். பூசும்போது அவன் பாதங்களைப் பார்த்தார். தரையில்தான் ஊன்றியிருக்கின்றனவா என்று பார்த்தார் என்பது அவனுக்குப் புரிந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்து, கூச்சத்தோடு அடுப்படிக்குப் போய்விட்டார்.

கார்த்திகையில் புவனா அவன் வாங்கிவரும் எதையும் சாப்பிட மறுத்தாள். வீட்டில் அவன் இருக்கும்வரை கைகளைப் புடவைக்குள் மறைத்தே வைத்திருந்தாள். பூஜிதாவைக் கேட்டுக்கொண்டுதான் தெய்வாத்தாள் பேச்சை எடுத்தார். “கொஞ்ச நாளைக்கு அக்கட்டால இருந்து பாருங்க மாப்பிள்ளை. நான் இருக்கறேனல்லங்க.” அவன் பெருந்துறையில் கம்பெனி பக்கத்தில் ஓர் அறை எடுத்தான். இரண்டு பேன்ட், நாலு சட்டை, மடிக்கணினி. கிளம்பும்போது புவனா வாசல்வரை வந்தாள். போகும் விருந்தாளியிடம் சொல்வதுபோல, “போயிட்டு வாங்க,” என்றாள்.

அங்கே போன பிறகு தினமும் ஒரு மணி நேரம் பேசினார்கள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பேசியதில்லை. “அந்த ஆளு போயிட்டாருங்க,” என்று முதல் நாளே சொன்னாள். சாப்பிட ஆரம்பித்தாள், எடை கூடியது. வம்சிக்கு வேறு வேலைகளும் செய்துகொடுத்தாள். ஜப்பானில் இப்போது குளிரா என்று கேட்பாள். அவன் நாகோயாவின் வானிலையைக் கைபேசியில் பார்த்துவிட்டுச் சொல்வான். ஜன்னலுக்கு வெளியே கவுந்தப்பாடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அங்கேயும் நம்ம ஊர் மாதிரியே ஹாரன் அடிக்கிறார்களா என்பாள்.

எப்போது வருவீர்கள் என்ற கேள்வி ஒவ்வொரு நாளும் வந்தது. அவன் சொல்லும் ஒவ்வொரு காரணத்தையும் அவள் பரிகசித்தாள். தை பிறந்ததும் பரிகாசம் நின்றது. ஒருநாள், “எனக்கு உங்க மொகமே மறந்துபோயிருமாட்ட இருக்குதுங்க,” என்றாள்.

அதைக் கேட்ட பிறகுதான் அவன் அந்த யோசனையோடு பூஜிதாவைப் பார்க்கப் போனான். போனில் பேசிக்கொண்டே வீட்டுக்குள் நடந்து போனால் என்ன? பேச்சு அறுபடக் கூடாது. அவள் காதில் இருக்கும் குரலும் கண் முன்னால் வரும் வாயும் ஒன்றுசேர்ந்தால், குரல் முகத்தை இழுத்துக்கொண்டு வந்துவிடாதா?  வந்துவிடலாம் என்றார் பூஜிதா. முகம் குரலை இழுத்துக்கொண்டு போய்விடவும் கூடும் என்றார். “அப்பறம் போன்லயும் உங்கள நம்பமாட்டாங்க. அதையும் யோசிச்சுக்குங்க.”

அவன் மூன்று வாரம் யோசித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குப் பீளமேட்டில் தெருமுனையில் இறங்கிக்கொண்டு அழைத்தான். விமான நிலையத்திலிருந்து வந்துகொண்டிருப்பதாகச் சொன்னான். அவள் நம்பவில்லை, பிறகு நம்பினாள், பிறகு அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். பக்கத்துக் கடையில் தக்காளி எடைபோடுகிறவர் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். கிருபாசங்கர் நடந்துகொண்டே பேசினான். சிரித்துவிடாமல் பேசினான், அழுதுவிடாமலும் பேசினான். என்ன வாங்கி வந்தீர்கள் என்றாள். ஒன்றும் இல்லை என்றான்.

“சப்பான்ல பத்து மாசம் இருந்துபோட்டு வெறுங்கைய வீசிக்கிட்டு வாரீங்களாக்கும். வார வழில ஒரு முழம் பூவாச்சும் கெடைக்குமல்லங்க.”

“வாரேன் அம்மணி. வந்துட்டேன். நான் பேசிக்கிட்டே வாரேன், நீ வெச்சுராத.”

“நான் ஏனுங்க வெக்கறேன்?”

அவன் கேட்டைத் தள்ளினான். புவனா முன்பக்கப் படியில் நின்றிருந்தாள். தலை வாரி, நீலப்புடவை கட்டி, போனைக் காதோடு வைத்திருந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. கண் அவன்மேல் பட்டது. சிரிப்பு அப்படியே இருந்தது, அவள் மட்டும் அதிலிருந்து போய்விட்டாள். பேச வேண்டும், இப்போதுதான் பேச வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. இத்தனை நாள் மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கில் இருந்தது. உதட்டைப் பிரித்தால் அவளுக்கு மிச்சம் இருக்கும் ஒரே புருஷனும் இந்த ஆளின் வாயிலிருந்து வருவான்.

அவன் வாயைத் திறக்கவில்லை.

“ஏனுங்க,” என்று அவள் போனில் கிசுகிசுத்தாள். அது அவனுக்கு இரண்டு முறை கேட்டது. பத்தடி தூரத்திலிருந்து ஒரு முறை, காதுக்குள் ஒரு முறை. “அந்த ஆளு மறுபடியும் வந்திருக்கறாருங்க. கேட்டுக்குள்ளாறயே வந்துபோட்டாரு.”

அவன் அசையாமல் நின்றான்.

“லைன்ல இருக்கறீங்களா? ஏனுங்க, எதாச்சும் பேசுங்க.” அவளுடைய இன்னொரு கை புடவைக்குள் போய்விட்டது. “நீங்க பேசுனாப் போதுமுங்க, நான் பயப்படாம நின்னுக்குவேன். எங்க இருக்கறீங்க?”

தெய்வாத்தாள் கதவருகே வந்து, இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். 

கிருபாசங்கர் திரும்பினான். அவளுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து நின்று, கையால் வாயை மறைத்துக்கொண்டான்.

“லைன்லதான் இருக்கறேன் அம்மணி. பக்கத்துலதான் இருக்கறேன். பயப்படாத.”

அவள் மூச்சு விடுவது கேட்டது. சற்றுத் தெம்பு வந்த குரலில் அவள் புருஷனிடம் சொன்னாள்:

“அவரு திரும்பி நின்னுக்கிட்டாருங்க. யாருகூடவோ போன் பேசறாரு.”